கூனியூர்க் கிணற்று விலாங்கு

மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலை என்று
ஞானதிரவியம் போன் பண்ணினால்
ஸ்பானரோடு ஒரு துண்டும் எடுத்துக்கொள்வேன்.
கூனியூர்க் கிணற்றில்
இறங்காமல் வேலை முடியாது.

முதல் தடவை,
புட்வால்வைச் சுற்றிக் கிடந்ததைப்
பழைய சைக்கிள் ட்யூப் என்றுதான் நினைத்தேன்.
பிடித்து இழுத்தேன்.
ட்யூப் என்னை இழுத்தது.

படியேறி வந்து நடுங்கிக்கொண்டிருந்தேன்.
"அது விலாங்குவே, ஒண்ணும் செய்யாது."
முன்னாலேயே சொல்லக் கூடாதா அண்ணாச்சி?
"சொன்னா நீரு இறங்குவீரா?"

தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில்
கன்னடியன் கால்வாய் உடைந்து
வயலும் கிணறும் ஒரே தண்ணியாய்க் கிடந்தபோது வந்ததாம்.
வடிந்தபின் வாளியில் ஏறியது,
சுண்டுவிரல் தண்டி.
ரெஜினாள் அக்கா திரும்பக் கொட்டிவிட்டார்.
அப்போது அவருக்குக் கல்யாணமாகி எட்டு நாள்,
எதைக் கொட்டலாம், எதை வைக்கலாம் என்று
அந்த வீட்டில் இன்னும் தெரியாத நேரம்.

ஆயில் எஞ்சின் போய்க் கரண்டு வந்தது.
மூன்று ஹெச்.பி. ஐந்தானது.
மூத்தவன் கத்தாருக்குப் போய்
வழுக்கையோடு திரும்பினான்.
அது கல் இடுக்கில் வாலை வைத்துக்கொண்டு
ராத்திரிகளில் தவளை, நண்டு,
தவறி விழுந்த எலி என்று
ஒரு ஆள் தொடை அளவுக்கு வந்திருந்தது.

ஒரு கோடையில் கிணறு வற்றி
முழங்கால் சேறுதான் மிச்சம்.
செத்திருக்கும் என்றுதான் தூர்வார இறங்கினோம்.
சேற்றுக்குள் சேறாக,
தோலாலேயே மூச்சு விட்டுக்கொண்டு
இருந்தது.

மூலத்துக்கு மருந்து என்று
பேட்டையிலிருந்து ஒருவர் நாலாயிரம் கொடுக்க வந்தார்.
ஞானதிரவியம் கிணற்றைக் காட்டி
"நீரே பிடிச்சுக்கிடும்" என்றார்.
வந்தவர் எட்டிப் பார்த்தார்.
டீ குடித்துவிட்டுப் போனார்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும்
காட்டுமென்று ஊர் சொல்லும்.
பதினாறு வருடத்தில் எனக்கு அது
காட்டியதெல்லாம் முதுகுதான்.

கடைசி இரண்டு தடவையும் முகம் தெரிந்தது.
கண் பெருத்திருந்தது,
டார்ச் வெளிச்சத்துக்குக் கூசாத கண்.
மஞ்சள் வயிறு வெளுத்து
ஈயம் பூசியது போல.
கோழிக்குடல் போட்டால் அப்படியே மிதக்குது,
ஒன்றும் தின்னமாட்டேங்குது என்றார் ரெஜினாள் அக்கா,
பிள்ளையைப் பற்றிச் சொல்வது மாதிரி இல்லாமல்,
மாட்டைப் பற்றிச் சொல்வது மாதிரி.

மீன்துறை ஆபீஸில் பம்ப் மாட்டப் போனபோது கேட்டேன்.
கடலில் பிறக்குமாம்.
கண்ணாடிக் குச்சி மாதிரி ஆற்றில் ஏறி
அணைக்கட்டுச் சுவரின் ஈரத்தைப் பிடித்து ஏறி
எங்காவது ஒரு குழியில் இருபது, முப்பது வருடம் கிடக்குமாம்.
பிறகு ஒருநாள் வயிற்றை அடைத்துக்கொள்ளும்,
ஆழத்து இருட்டுக்குக் கண்ணை வளர்த்துக்கொள்ளும்.
போய் முட்டையிட்டால் சாவு.
எந்த இடத்தில் என்று கேட்டேன்.
ஒருத்தரும் பார்த்ததில்லை என்று
கையெழுத்துப் போட்டுப் பில்லைக் கொடுத்தார்.

இருபத்துமூன்று டிசம்பர்.
ரெண்டு நாள் விடாத மழை.
கிணறு நிரம்பி, வரப்பு மறைந்து
திரும்பவும் எல்லாம் ஒரே தண்ணி.

வடிந்தபின் காயிலை மாற்றி, இறங்கி,
நாலு மூலையிலும் கையை விட்டுப் பார்த்தேன்.
சுவிட்சைப் போட்டதும் தண்ணி ஏறியது.
அவ்வளவு சீக்கிரம் அங்கே
ஒருநாளும் ஏறியதில்லை.

சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம்,
மூன்று தடுப்பணை தாண்டணும்.
புன்னைக்காயலில் கருவாடு போடும் மச்சானிடம் கேட்டேன்.
"கட்டில் வந்துச்சு, காஸ் சிலிண்டர் வந்துச்சு,
ஏரல்லருந்து ஒரு கடை போர்டே வந்துச்சு.
விலாங்க எவன்வே பார்த்தான்?"

பழைய புட்வால்வு என் கடையில் கிடக்கிறது.
சுற்றிக் கிடந்த இடம் மட்டும்
துருவில்லாமல் வழவழவென்று.
எடைக்குப் போட்டால் எண்பது ரூபாய் தேறும்.
இன்னும் போடவில்லை.